உப்பு வெளியில் ஓர் உரைகல்

வல்லத்திராக்கோட்டை

புதுக்கோட்டைக்குத் தென்கிழக்கே, அறந்தாங்கிச் சாலையில், செம்மண்ணும் செம்புறாங்கல்லும் மாறிமாறித் தலைகாட்டும் பிரதேசத்தில் இருக்கிறது எங்கள் வல்லத்திராக்கோட்டை. சித்தன்னவாசலின் சித்திரங்களையும் குடுமியான்மலையின் சங்கீதக் கல்வெட்டையும் காண வருகிற யாத்திரிகர்கள் எங்கள் பக்கம் திரும்புவதில்லை. திரும்ப வேண்டிய காரணம் எதுவும் இல்லை என்பதை நாங்களே ஒப்புக்கொள்வோம். ஆனால் பூமியின் விசித்திரத்தை அறிய விரும்புகிறவனுக்கு இங்கே ஒரு மைல் நடை போதும். கண்மாயின் நீர்ப்பரப்பு, அதன் கரையடியில் வயல், அதற்கப்பால் தென்னந்தோப்பு, சருகு அடர்ந்த முந்திரிக்காடு, நிழல் இருந்தும் குளிர்ச்சி இல்லாத தைலமரக்காடு, புல்லும் முளைக்காத செம்புறாங்கல் பொட்டல், நடுவே தார்ச்சாலை, ஓட்டு வீடு, காங்கிரீட் வீடு என்று அந்த ஒரு மைலுக்குள் இத்தனை வகைத் தரைகளை மிதித்துவிடலாம்.

இந்த வேறுபாடுகளை எங்கள் ஊர் ஜனங்கள் பாதத்தால் அறிவார்கள். சித்திரை மாதத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற அப்பாயி ஒருவர் என்னிடம் சொன்னார்: "பொட்டல்ல பத்து மணிக்கே காலு வைக்க முடியாது தம்பி. முந்திரிக்குள்ள உச்சி வெயிலுக்கும் நிக்கலாம். செம்புறாங்கல்லு இருக்கே, அது ராத்திரி ஒம்போது மணிக்கும் சூடு ஆறாது." உஷ்ணத்தை ஆராயும் சாஸ்திரிகள் பல பக்கங்களில் எழுதுகிற சங்கதியை அவர் மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

பத்திரிகையில் தினந்தோறும் வருகிற வெப்பநிலைக்கும் அப்பாயி சொன்ன சூட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்றாலும், இரண்டும் ஒன்றல்ல. பத்திரிகையில் வருவது காற்றின் உஷ்ணம்; தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில், வெயில் படாமல் காற்று மட்டும் புகும்படி இடைவெளி விட்டுப் பலகை அடித்த வெள்ளைப் பெட்டிக்குள் உஷ்ணமானியை வைத்து அளப்பது. அந்தப் பெட்டியை உருவாக்கியவர் கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்து பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தகப்பனார். தரையின் சூடோ வேறு. இந்தியாவில் பதிவான உச்சக் காற்று வெப்பம், 2016 மே 19 அன்று ராஜஸ்தானத்துப் பலோடியில் கண்ட 51 டிகிரி. ஈரானின் லூத் பாலைவனத்துத் தரையிலோ 2005ஆம் ஆண்டில் 70.7 டிகிரியைச் செயற்கைக்கோள் கண்டது. அங்கே அப்போது உஷ்ணமானியுடன் மனிதன் எவனும் நிற்கவில்லை; ஆகாயத்திலிருந்த கருவி சொன்னதை உலகம் நம்பிற்று. எதை வைத்து நம்பிற்று என்பதுதான் என்னை ஊரைவிட்டுக் கிளப்பிய கேள்வி.

கேள்வியை என் மண்டையில் ஏற்றியவன் என் அக்காள் மகன். வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், தரையின் உஷ்ணத்தை வானத்திலிருந்து அளக்கும் கருவிகளின் சொல் சரிதானா என்று பார்ப்பதே அவனுக்கு உத்தியோகம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கத்துப் பலாவையும் தென்னையையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபின், மரம் போன தரை எவ்வளவு காய்கிறது என்பதைப் பழைய செயற்கைக்கோள் படங்களிலிருந்தே கணக்கிட முடியும் என்று ஒருமுறை அவன் சொன்னான். "ஆனா மாமா, நேத்து அளந்த கருவி வேற, இன்னைக்கு அளக்கிற கருவி வேற. ரெண்டுக்கும் நடுவுல ஒரு டிகிரி வித்தியாசம் வந்தா, அது தரை சூடானதா, கருவி பிசகினதான்னு எப்படிச் சொல்லுவீங்க?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொங்கல் கழிந்ததும் கட்ச் தேசத்து உப்பு வெளிக்கு அவன் போவதாயிருந்தான், நானும் புறப்பட்டுவிட்டேன்.

அகமதாபாத்

சபர்மதிக் கரையில் காந்தியடிகளின் ஆசிரமத்தை எல்லோரும் பார்ப்பதுபோல் பார்த்தேன். அதைப் பற்றி எழுத என்னிடம் புதிதாக எதுவுமில்லை. பருப்பிலும் வெல்லம் போடுகிற ஊர் என்பதை மட்டும், காரமும் புளியும் பழகிய புதுக்கோட்டை நாக்கு அங்கே முதல் வாயிலேயே உணர்ந்துவிடுகிறது. பரிமாறியவர் நான் தயங்குவதைக் கண்டு பச்சை மிளகாயை எண்ணெயில் வாட்டிக் கொண்டுவந்து வைத்தார். மனிதனுடைய நாக்குக்கு எது எல்லை என்பதை அவர் பாஷையின்றியே புரிந்துகொண்டார்.

இந்த நகரம்தான் விக்ரம் சாராபாயின் சொந்த ஊர். அவர் மறைந்த மறு வருஷம், 1972இல், இங்கே விண்வெளிப் பயன்பாட்டு மையம் அமைந்தது. நம் தேசத்துச் செயற்கைக்கோள்களின் கண்கள் பெரும்பாலும் அங்கே உருவானவை. 1983 ஆகஸ்டில் அமெரிக்க விண்ணோடம் சாலஞ்சரிலிருந்து இன்சாட்-1பி விடப்பட்டபோது, அதில் இருந்த கருவி அகச்சிவப்புக் கதிரால் உஷ்ணத்தைப் பார்க்கவல்லது. ஆயினும் 11 கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பு அதற்கு ஒரே புள்ளி. எங்கள் ஊரும் சுற்று வட்டாரமும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிப்போகும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் 2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி அந்தப் புள்ளியை 4 கிலோமீட்டராகக் குறுக்கியது. 2016இல் 3டிஆர், 2024இல் 3டிஎஸ் என்று அதன் தம்பிமார்களும் தொடர்ந்தார்கள். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும் இந்த வகைச் செயற்கைக்கோள்கள், அரை மணிக்கு ஒருமுறை நம் பூமியைப் படம்பிடிக்கின்றன.

அவ்வளவு தூரத்திலிருந்து சூட்டை அறிவது எப்படி? உஷ்ணமுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. சூடு ஏற ஏறக் கதிரும் மிகும். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டைக் கண்ணாடி பிரித்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தபோது அது ஏறியதைக் கண்டார்; அகச்சிவப்புக் கதிரை மனிதன் அறிந்தது அன்றைக்கு. நம் பூமியின் தரை வீசும் கதிரில் பெரும்பங்கு 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டியது. நல்லவேளையாக அந்த அலைநீளத்தில் காற்றுமண்டலம் ஓரளவு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஜன்னல் வழியேதான் செயற்கைக்கோள் பார்க்கிறது.

பார்த்தால் மட்டும் போதாது. பார்த்ததற்கு எண் கொடுக்க வேண்டும். அதற்காகச் செயற்கைக்கோளுக்குள்ளேயே கரும்பொருள் ஒன்றைச் சுமந்து செல்கிறார்கள். தன் உஷ்ணத்திற்குரிய கதிரை ஏறக்குறைய முழுமையாக வீசும் கறுத்த பரப்பு அது. அதன் உஷ்ணத்தை உடனிருக்கும் உணர்விகள் அளந்து சொல்கின்றன. கருவி ஒருமுறை அந்தக் கரும்பொருளைப் பார்க்கிறது. ஒருமுறை நட்சத்திரங்களுக்கிடையே உள்ள வெற்று ஆகாயத்தைப் பார்க்கிறது. சூடறிந்த ஒரு புள்ளியும் கடுங்குளிரான ஒரு புள்ளியும் கிடைத்துவிட்டால், நடுவில் உள்ளவற்றைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? "கணக்கிடலாம் மாமா, அந்தக் கரும்பொருள் பொய் சொல்லாத வரைக்கும்" என்றான் மருமகன். ஏவுதலின் அதிர்ச்சி, வருஷக்கணக்கான கதிரடி, கண்ணாடிகளின் மூப்பு ஆகியவை ஒருபுறம், மறுபுறம் நள்ளிரவு. பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நிற்கும் இத்தகைய செயற்கைக்கோள்களில், பூமியின் ஓரத்தைக் கடந்து வரும் சூரிய கிரணம் நள்ளிரவை ஒட்டிக் கருவியின் வாய்க்குள்ளேயே புகுந்து, உள்ளிருக்கும் பாகங்களைச் சூடாக்கிக் கணக்கைக் குழப்புவதுண்டாம். சாட்சியை விசாரிக்க இன்னொரு சாட்சி வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாம் சாட்சி தரையில்தான் கிடைக்கும்.

பூஜ்

2001 ஜனவரி 26 காலையில் பூகம்பத்தில் குலுங்கிய ஊர் இது. தழும்புகள் இன்னும் சில சுவர்களில் உண்டு. ஆயினும் பூஜ் ஜனங்கள் வருகிறவனிடம் முதலில் காட்டுவது தழும்பை அல்ல, நகரின் நடுவிலிருக்கும் ஹமீர்சர் ஏரியை. மழை நன்றாகப் பெய்து அந்த ஏரி நிரம்பி வழிந்துவிட்டால் ஊருக்கே விடுமுறை. லட்டு செய்து பங்கிட்டு உண்கிறார்கள். இதைச் சொன்ன தையற்காரர் ஒருவர், கடைசியாக ஏரி வழிந்த வருஷத்தைச் சொல்லும்போது, தம் மகனின் கல்யாண வருஷத்தைச் சொல்கிற முகத்தோடு சொன்னார். எங்கள் பக்கத்தில் கண்மாய் நிரம்பிக் கலிங்கில் தண்ணீர் போகிறது என்றால் பார்க்கப் போகிற கூட்டத்தை அவருக்கு நான் அரைகுறை இந்தியில் வர்ணித்தேன். இருவரும் சிறிது நேரம் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வறண்ட நாட்டுக்காரர்கள் எங்கே சந்தித்தாலும் இதுதான் பேச்சு.

பூஜுக்கு வடக்கே செல்லும் சாலையில், கடக ரேகை இவ்விடத்தில் கடக்கிறது என்று அறிவிக்கும் பலகை ஒன்று வருகிறது. வல்லத்திராக்கோட்டையில் சூரியன் வருஷத்தில் இருமுறை தலைக்கு நேர் மேலே வந்து நிற்பான். இந்தப் பலகையைத் தாண்டினால் அவன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை. இன்னொரு வித்தியாசத்தை விடியற்காலையில் கண்டேன். கடிகாரம் ஏழு மணி காட்டியும் இருட்டாகவே இருந்தது. இந்தியாவின் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்குரியது. கட்ச் அதற்கு வெகு மேற்கே கிடப்பதால் சூரியன் இங்கே கடிகாரத்துக்கு ஐம்பது நிமிஷம் போலப் பிந்தியே நடக்கிறான். உஷ்ணத்தை அளக்கிறவர்கள் கடிகாரத்தை நம்புவதில்லை. சூரியனின் நேரத்தையே கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள்.

பன்னி

பன்னி என்பது புல்வெளி. வெளி என்ற சொல்லுக்கு இவ்வளவு பெரிய அர்த்தம் உண்டு என்பது கண்மாய்க்கும் கண்மாய்க்கும் இடையிலேயே வளர்ந்த எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் அந்தப் புல்லின் நடுவே எனக்கு மிகவும் பரிச்சயமான ஒருவனைக் கண்டேன்: சீமைக்கருவேல மரம். உப்பு வெளி புல்வெளிக்குள் பரவாமல் தடுப்பதற்காக 1960களில் வனத்துறையார் கொண்டுவந்து விதைத்தது, இன்று புல்லையே விழுங்கிக்கொண்டு நிற்கிறது. எங்கள் கண்மாய்களுக்குள்ளும் அதே கதைதான் என்று சொன்னபோது, எருமை வைத்திருக்கும் மால்தாரி முதியவர் ஒருவர் இரு கைகளையும் விரித்துச் சிரித்தார்.

அவருடைய எருமைகள் இரவில் மேய்கின்றன. மாலையில் தாமாகவே புல்வெளிக்குள் போய், இருட்டில் மேய்ந்து, காலையில் பால் கறக்கத் தாமாகவே திரும்பிவிடுகின்றன. பகலின் தரைச்சூட்டிலிருந்து ஒதுங்கப் பன்னி எருமை கண்டுபிடித்த உபாயம் இது. இந்த இனத்தின் பெருமைகளுள் முதலாவதாக இதைத்தான் ஊரார் சொல்கிறார்கள். முதியவரின் வீடு 'பூங்கா' என்று அவர்கள் அழைக்கும் வட்டமான மண்வீடு. தடித்த சுவர், கூம்பிய கூரை, சுவரில் மண்ணால் பூவேலை செய்து பதித்த சிறுசிறு கண்ணாடித் துண்டுகள். பூகம்பத்தில் கல்வீடுகள் பல சரிந்தபோதும் இந்த வட்ட வீடுகள் பெரும்பாலும் நின்றன. உள்ளே நுழைந்ததும் வெளியே இருந்த உஷ்ணம் வாசலிலேயே தங்கிவிட்டது.

அவர் வீட்டம்மாள் கம்பு ரொட்டி தட்டிப் போட்டார். மேலே வெண்ணெய், பக்கத்தில் பூண்டுச் சட்னி, வெல்லம், ஒரு பெரிய பாத்திரம் நிறைய மோர். கம்பு எங்களுக்கு அந்நியமன்று. ஆனால் நாங்கள் அதைக் கூழாகக் கரைத்து மோர்மிளகாயோடு குடித்துப் பழகியவர்கள். அவர்கள் அதை நெருப்பில் சுட்டு மென்று தின்கிறார்கள். எது மேல் என்ற விவாதத்தில் நான் இறங்கவில்லை. ஆனால் இரண்டாவது ரொட்டியை நான் கேட்டு வாங்கினேன் என்பதை உண்மைக்காகப் பதிவு செய்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பின் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது மருமகன் தன் பையிலிருந்து கைத்துப்பாக்கி வடிவில் இருந்த கதிர்மானியை எடுத்தான். பளபளவென்று துலக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரத்தின் விலாவை நோக்கிப் பிடித்தான். கருவி 30 டிகிரியைச் சற்றே தாண்டிய எண்ணைக் காட்டிற்று. முதியவர் பாத்திரத்தைத் தொடப்போய் விரலை இழுத்துக்கொண்டார். பிறகு அதே கருவியைக் கொதிக்கும் தேநீரின் மேற்பரப்புக்கு நேராகப் பிடித்தபோது எண் 90ஐத் தாண்டியது. "இவ்வளவுதான் மாமா எங்க தொல்லை எல்லாம்" என்றான். துலக்கிய உலோகம் தன் சூட்டுக்கேற்ற கதிரை வீசாமல், சுற்றியிருக்கும் சுவரின் கதிரையே திருப்பி அனுப்புகிறது. தண்ணீரோ தனக்குரியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் வீசிவிடுகிறது. இந்த யோக்கியதைக்கு உமிழ்திறன் என்று பெயர். இலை தழைகள் தண்ணீருக்கு நிகராக நாணயமானவை; மணலும் பாறையும் அப்படியல்ல. அதிலும் படிக மணல் 8 முதல் 9½ மைக்ரான் வரையுள்ள அலைநீளத்தில் தன் கதிரில் கணிசமான பங்கை மறைத்துவிடும். தரையின் உமிழ்திறனை நூற்றில் ஒரு பங்கு தவறாக ஊகித்தால், விடையில் ஏறக்குறைய அரை டிகிரி பிசகிவிடும். முதியவருக்கு இதையெல்லாம் இந்தியில் சொன்னோம். அவர் கருவியை வாங்கித் தம் எருமையின் முதுகைக் குறிபார்த்தார்.

வெண்ணிற ரண்

ரண் என்னும் அந்த வெளி மழைக்காலத்தில் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. மழை ஓய்ந்து நீர் வற்றியதும், கார்த்திகை மார்கழி வாக்கில், மிஞ்சிய உப்பு பொருக்கிட்டு அடிவானம் வரை வெளுத்துக் கிடக்கிறது. மரமில்லை, மேடில்லை, நிழலில்லை. பயிர் செய்கிறவனுக்கு இதைவிடப் பயனற்ற பூமி இருக்க முடியாது. ஆயினும் இஸ்ரோவின் விஞ்ஞானிகள், செயற்கைக்கோள் கருவிகள் சூரிய ஒளியைச் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்க இந்த ரண்ணையே களமாகக் கொண்டிருக்கிறார்கள். பொன்னின் மாற்று அறிய ஆசாரி உரசிப் பார்க்கும் கல்லுக்குச் சொந்தமாக மதிப்பில்லை; ஒரே சீராகவும் மாறாததாகவும் இருப்பதுதான் அதன் மதிப்பு. ரண் அத்தகைய உரைகல்.

ஒளிக்கு உரைகல்லாக இருப்பது எளிது. உஷ்ணத்துக்கு அப்படி இருப்பது கடினம் என்பதை அன்றிரவு அறிந்தேன். பகலில் தரையின் சூடு அடிக்கு அடி மாறும். மெல்லிய காற்று வீசினாலே ஓரிரு டிகிரி இறங்கி ஏறும். ஆகவே இரவில் வேலை செய்கிறார்கள். 2011இல் ஏவப்பட்டு, 824 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களைச் சுற்றிவரும் சுவோமி என்.பி.பி. என்ற செயற்கைக்கோள் நள்ளிரவு கடந்து எங்களுக்கு மேலாகப் போகவிருந்தது. அதன் உஷ்ணப் படத்தில் ஒரு புள்ளி முக்கால் கிலோமீட்டர். கையிலிருக்கும் கதிர்மானி காண்பதோ ஒரு முழ அகலம். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால், அந்த முக்கால் கிலோமீட்டருக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். மருமகனும் அவனுடைய தோழர்களும் கம்பளித் தொப்பியோடும் தலைவிளக்கோடும் நடந்தார்கள். நான் குறிப்பேட்டில் எண்களை எழுதிக்கொண்டே பின்னால் போனேன். காலடியில் உப்பு நொறுங்கியது. தை மாதத்துக் குளிர், எங்கள் ஊர் மார்கழிக் குளிரைக் குளிர் என்று சொல்லவொட்டாமல் செய்தது.

புறப்படுமுன் கதிர்மானியையே சோதித்தார்கள்: உஷ்ணம் அறிந்த சிறிய கரும்பொருள் பெட்டி ஒன்றின் வாய்க்கு நேரே அதைப் பிடித்து, எண் ஒத்து வருகிறதா என்று பார்த்தார்கள், வேலை முடிந்து திரும்பியதும் மறுபடியும் பார்த்தார்கள். நடுவில் அடிக்கடி ஆகாயத்தையும் அளந்தார்கள். அது எதற்கு என்றேன். தரை தன் கதிரை வீசுவதோடு, மேலிருந்து வருகிற ஆகாயத்தின் கதிரிலும் ஒரு பங்கைப் பிரதிபலிக்கிறதாம். அதைக் கழித்தாக வேண்டும். வறண்ட அந்த இரவில் ஆகாயத்தை நோக்கிப் பிடித்த கருவி பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கியது. "நம்ம ஊர்ல இவ்வளவு இறங்காது மாமா. காத்துல அவ்வளவு ஈரம்" என்றான். அந்த ஈரம்தான் செயற்கைக்கோளுக்கும் விரோதி: தரையின் கதிரை நடுவழியில் நீராவி விழுங்கித் தன் கதிரைக் கலந்து அனுப்புகிறது. இதற்காகவே 11 மைக்ரானை ஒட்டி ஒரு பட்டையும் 12 மைக்ரானை ஒட்டி ஒரு பட்டையுமாக இரண்டாகப் பார்க்கிறார்கள். பின்னதை நீராவி அதிகமாக விழுங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து நீராவியின் குறுக்கீட்டைக் கணித்துக் கழித்துவிடுகிறார்கள். வங்கக்கடலுக்கு அருகில் இருக்கும் எங்கள் பிரதேசத்தில் இந்தக் கழித்தல் பெரிது. பெரிய கழித்தலில் பிழையும் பெரிதாகும்.

உப்பைப் பற்றி அவன் சொன்ன ஒன்று என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. இத்தாலிய விஞ்ஞானி மசெடோனியோ மெல்லோனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கல்லுப்புப் பளிங்கு உஷ்ணக் கதிருக்கு ஏறக்குறைய தடையே இல்லாதது என்று காட்டினார்; கண்ணாடி மறிக்கிற கதிரை உப்பு விட்டுவிடும். ஆகவே இந்த வெளியில் உப்பு மட்டும் தனியாகச் சாட்சி சொல்வதில்லை. அதனோடு கலந்த களிமண்ணும் அடியிலிருக்கும் ஈரமும் சேர்ந்தே சொல்கின்றன. கண்ணுக்கு எவ்வளவு சீராகத் தோன்றினாலும், ஈரம் இருக்கும் இடமும் இல்லாத இடமும் இருட்டில் வெவ்வேறு உஷ்ணம் காட்டின. என் குறிப்பேட்டில் அடுத்தடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோது, அந்த இளைஞர்கள் சலித்துக்கொள்ளவில்லை. நின்று, குனிந்து, பொருக்கைப் பெயர்த்து அடியில் விரலை வைத்துப் பார்த்தார்கள். எத்தனை நுட்பமான கருவி வந்தாலும் கடைசியில் அப்பாயியின் முறைக்கே வந்து சேர்கிறார்கள்.

இத்தகைய அலைச்சலால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் போதும். 2013 பிப்ரவரியில் ஏவப்பட்ட லாண்ட்சாட் 8 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் உஷ்ணக் கருவி, உள்ளிருந்த கரும்பொருளைப் பார்த்துத் தான் சரியாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் கலிபோர்னியா எல்லையிலுள்ள டாஹோ ஏரியில் மிதவைகளிலும் தெற்கே சால்ட்டன் கடலிலும் கட்டியிருந்த கருவிகள் வேறு கணக்குக் கொடுத்தன. சாதாரணத் தரை உஷ்ணத்தில் ஒரு பட்டை 2 டிகிரியும் மற்றொன்று 4 டிகிரிக்கு மேலும் கூடுதலாகக் காட்டியது தெரியவந்தது. பார்வைக்கு வெளியே இருந்த பூமியின் கதிர் கருவியின் உட்புறத்தில் பட்டுச் சிதறி உள்ளே கசிந்ததே காரணம். அதைத் திருத்தும் கணக்குமுறை 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஏரியில் மிதந்த கருவிகள் இல்லாதிருந்தால், ஆகாயத்துப் பொய்யை எத்தனை காலம் நம்பியிருப்போமோ?

காலோ துங்கர், தோலாவிரா

கட்ச்சின் மிக உயர்ந்த குன்றான காலோ துங்கர் 462 மீட்டர் உயரம். உச்சியில் தத்தாத்ரேயர் கோயில். அங்கே பூசாரி சமைத்த சோற்றை நரிகளுக்கு வைக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. நாங்கள் போன அன்று நரிகள் வரவில்லை. காக்கைகள் வந்து வழக்கத்தை நிறைவேற்றின. அங்கிருந்து பார்த்தால் ரண் முழுவதும் ஒரே வெண்மை. எங்கள் ஊரை இப்படி உயரத்திலிருந்து பார்த்தால் எத்தனை நிறமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை நிறத்தையும் ஒரு புள்ளிக்குள் போட்டுக் குழைத்து, இதுதான் வல்லத்திராக்கோட்டையின் உஷ்ணம் என்று ஓர் எண்ணைச் சொன்னால், அது கண்மாயின் உஷ்ணமும் அன்று, பொட்டலின் உஷ்ணமும் அன்று. உழவன் எவனும் மிதித்தறியாத ஒரு தரையின் உஷ்ணம்.

உப்பு வெளியின் குறுக்கே போட்ட சாலையில் தோலாவிராவுக்குச் சென்றோம். இரு பக்கமும் வெளுப்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத அந்த வழியின் முடிவில், சிந்துவெளி மக்களின் பட்டணம் ஒன்று மேட்டின்மேல் கிடக்கிறது. 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. மதிலையும் கோட்டையையும் விட என்னை நிறுத்திவைத்தவை அதன் நீர்த்தேக்கங்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகளை மறித்து, பாறையைக் குடைந்து, படிகள் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போகும்படி அமைத்திருக்கிறார்கள். மடையும் கலிங்கும் கட்டிய எங்கள் முன்னோர்கள் இவர்களைப் பார்த்திருந்தால் வேலை நுணுக்கம் பேசியிருப்பார்கள். தேக்கத்தின் கல்படியில் உட்கார்ந்து, இங்கே வாழ்ந்தவர்கள் வருஷத்து மழையை எண்ணிக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினார்களோ என்று பேசிக்கொண்டிருந்தபோது, மருமகன் தன் வேலையின் உண்மையான பயனைச் சொன்னான்.

தண்ணீர் கிடைக்கும் பயிர் இலை வழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. தாகமெடுத்த பயிர் இலைத் துளைகளை மூடிக்கொள்வதால் சூடாகிறது. கண்ணுக்கு வாட்டம் தெரியுமுன்பே உஷ்ணத்தில் அது தெரிந்துவிடும். இந்தியாவும் பிரான்சும் கூட்டாக உருவாக்கிவரும் திரிஷ்ணா என்ற செயற்கைக்கோள் 57 மீட்டர் அளவில் தரையின் உஷ்ணத்தைப் பார்ப்பதற்கானது. அந்த அளவில் எங்கள் கண்மாய் தனியாகத் தெரியும். தோப்பு தனியாகத் தெரியும். தாகமெடுத்த கடலை வயலும் தனியாகத் தெரியும். ஆனால் தாகத்தின் அடையாளம் சில சமயம் இரண்டு மூன்று டிகிரிதான். கருவியில் இரண்டு டிகிரி பிசகு இருந்தால், தண்ணீர் குடித்து நிற்கும் வயலைத் தாகமென்றும், தாகத்தால் துடிக்கும் வயலைச் சுகமென்றும் சொல்லிவிடும்.

சீரான வெளிகளில் மட்டுமே சோதித்த கருவி, கலப்பு நிலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உலகில் இதை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்து விஞ்ஞானிகள், ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலைவனத்தில் கோபாபெப் என்ற இடத்துச் சரளை வெளியில் கம்பம் நாட்டி ஆண்டுக்கணக்கில் தரையின் உஷ்ணத்தை அளந்துவருவதோடு நிற்காமல், போர்ச்சுகலின் எவோராவில், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓக் மரங்கள் நிற்கும் புல்வெளியிலும் கம்பம் நாட்டினார்கள். அங்கே மரத்தின் தலைக்கு ஒரு கதிர்மானி, வெயில் படும் தரைக்கு ஒன்று, ஆகாயத்துக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்து, எது எத்தனை பங்கு என்று கணக்கிட்டு, செயற்கைக்கோளின் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். முந்திரிக்காடும் பொட்டலும் கலந்த எங்கள் நிலத்துக்கு அந்த எவோரா நெருங்கிய உறவு.

எனவே இதைப் படிக்கிற விஞ்ஞானிகளுக்கும் அதிகாரிகளுக்கும் என் விண்ணப்பம் ஒன்று. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. செம்மண் நிலமும் பயிரும் அதை அறிந்த ஆட்களும் அங்கே உண்டு. திரிஷ்ணா மேலே போவதற்குள், வம்பனிலோ அதைச் சுற்றிய முந்திரித் தோப்புகளிலோ ஒரு கம்பம் நாட்டி, மரத்தலைக்கும் தரைக்கும் ஆகாயத்துக்கும் கதிர்மானிகளைக் கட்டி, சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அளந்துவையுங்கள். ரண்ணில் கம்பளித் தொப்பியோடு நடக்கிற இளைஞர்களில் சிலரை இங்கேயும் அனுப்புங்கள். அவர்களுக்குக் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொடுக்க எங்கள் ஊர் கடமைப்பட்டிருக்கிறது.